உறங்குகிறான் என்றனர்!

மருத்துவர் ஒருவர், வாயிலில் காத்திருப்போர் ஐம்பதின்மர். எவரை முதலில் உள்ளே அழைப்பது?

எளிய வினாதான். ஆனால், ஒரு சமுதாயம் எத்தகையது என்று அறிய விரும்புவோர் அதன் கோபுரங்களின் உயரத்தை அளந்து பார்க்க வேண்டியதில்லை. இந்த ஒரு வினாவுக்கு அது தரும் விடையைக் கேட்டால் போதும். முந்தி வந்தவரை முந்தி அழை என்பது கடைவீதி முறை. காசு மிகுந்தவரை அழை என்பது ஏலக்காரன் முறை. பட்டமும் பதவியும் படைத்தவரை அழை என்பது அரண்மனை முறை. பிறப்பால் உயர்ந்தவனென்று சொல்லிக்கொள்வோனை அழை, மற்றவனைத் திண்ணைக்கும் அப்பால் நிறுத்து என்பது நாம் நன்கறிந்த முறை. நூற்றாண்டுக் கணக்கில் நம் முதுகின்மீதே எழுதப்பட்ட முறை. இவை அனைத்தையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, எவர் உயிர் ஊசலாடுகிறதோ அவரை முதலில் அழை என்று ஒருவர் சொல்வாரானால், அவர் மருத்துவம் மட்டும் பேசவில்லை, சமத்துவமும் பேசுகிறார்.

அப்படிச் சொன்னவர் மேடையில் நின்று சொன்னவரல்லர்; போர்க்களத்துக் குருதிச் சேற்றில் நின்று சொன்னவர். டொமினிக் ழான் லாரே என்பது அவர் பெயர்; 1766-இல் பிறந்து 1842-இல் மறைந்தவர்; நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவர். காயமுற்றோர் போர் ஓயும்வரை களத்திலேயே கிடந்து துடிப்பதைக் கண்டு பொறாமல், குதிரை பூட்டிய இலகு வண்டிகளை அமைத்து, குண்டு பாயும் நேரத்திலேயே அவர்களை எடுத்துவரச் செய்தவர். தளபதியா சிப்பாயா என்று பாராதீர், காயத்தின் கொடுமையை மட்டும் பாருங்கள், கொடுங்காயம் பட்டவனுக்கே முதலிடம் என்பதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியும் வைத்தவர். பேரரசனின் படையிலே பிறந்த முறை இது. பேரரசனின் உறவினன் என்றாலும் வரிசையில் நில் என்றது! மன்னர்கள் போயினர், மகுடங்கள் போயின. லாரே வகுத்த முறை நிலைத்தது. கம்பளியைத் தரம் பிரிப்போர் வழங்கிய 'ட்ரையாஜ்' என்னும் பிரெஞ்சுச் சொல்லே இன்று உலகெங்கும் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு வாயிலில் நோயாளரை வகைபிரிக்கும் செயலுக்குப் பெயராகிவிட்டது.

கனடா நாட்டில் இந்த வகைபிரிப்பு ஐந்து படிகளாக அமைந்திருக்கிறது. முதற்படியினர்க்கு உடனே மருத்துவம். அடுத்த படிகளுக்கு 15, 30, 60, 120 நிமிடங்கள் என்று கெடு. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறம் பிரித்து நோயாளரைப் பார்க்கும் ஏற்பாடு வந்துவிட்டது. நல்ல ஏற்பாடு, வரவேற்கத்தக்க ஏற்பாடு. ஆனால், முறம் நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? புடைக்கும் கையும் நன்றாயிருக்க வேண்டாமா? நோயைப் பார் என்று விதி சொல்கிறது. பார்க்கும் கண்ணோ, நோயைப் பார்ப்பதற்கு முன்பே ஆளைப் பார்த்துவிடுகிறது. ஆடையைப் பார்க்கிறது, நிறத்தைப் பார்க்கிறது, பேச்சைக் கேட்கிறது, மூக்கைச் சுளிக்கிறது. பிறகு நோயைப் பார்ப்பதற்கு நேரம் ஏது?

கனடாவின் மானிட்டோபா மாநிலத்துத் தலைநகர் வின்னிபெக். அந்நகரின் மிகப்பெரிய மருத்துவமனைக்கு, 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், வெள்ளிக்கிழமை பிற்பகலில், சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தார். பெயர் பிரையன் சிங்கிளேர். வயது 45. அம்மண்ணின் முதற்குடி மகன். ஓராண்டுக்கு முன் கடுங்குளிரில் உறைந்து இரு கால்களையும் இழந்தவர். அன்று ஒரு சிறு மருத்துவ நிலையத்துக்குச் சென்று, சிறுநீர் பிரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்த மருத்துவர், இது இங்கே பார்க்கத்தக்கதன்று எனக் கண்டு, கடிதம் ஒன்றும் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். கடிதத்தோடு வந்தார் சிங்கிளேர். வாயிலில் இருந்த உதவியாளரிடம் பேசினார். உதவியாளர் ஏதோ ஒரு தாளில் குறித்துக்கொண்டார். இவையனைத்தையும் காவல் ஒளிப்படக் கருவி பதிவு செய்திருக்கிறது. பின்னர் அவர் தம் நாற்காலியை உருட்டிக்கொண்டு காத்திருப்புக் கூடத்துக்குப் போனார்.

அவ்வளவுதான். அவர் பெயர் நோயாளர் பட்டியலில் ஏறவே இல்லை!

ஐந்து படிகளில் ஐந்தாவது படி அவருக்குக் கிடைத்திருந்தாலும் இரண்டு மணி நேரத்தில் மருத்துவர் பார்த்திருப்பார். வரிசையில் கடைசி என்பதும் ஓர் இடந்தான். அந்த இடமும் அவருக்கில்லை. வெள்ளி மாலை போயிற்று, இரவு போயிற்று, சனிக்கிழமை விடிந்தது, உச்சி ஏறியது, மீண்டும் இரவு வந்தது. செவிலியர் பணி முறை மாறினர், காவலர் மாறினர், அந்த நாற்காலி மட்டும் மாறவில்லை. அவர் வாந்தி எடுத்தார். தரை துடைக்கப்பட்டது! அதே கூடத்தில் காத்திருந்த மற்றவர்களின் நெஞ்சு பொறுக்கவில்லை. இவரைப் பாருங்களேன் என்று ஊழியரிடம் போய்ச் சொன்னார்கள். கேட்பாரில்லை. ஞாயிறு பிறந்து சிறிது நேரத்தில், மற்றொருவர் வற்புறுத்தலால் ஒருவர் வந்து தொட்டுப் பார்த்தபோது, உடல் விறைத்திருந்தது. உயிர் பிரிந்து நேரமாகியிருந்தது. வந்து 34 மணி நேரம்!

நோய் என்ன? சிறுநீர்ப்பையில் தொற்று, அது முற்றி வயிற்றறை முழுதும் பரவிய அழற்சி. மருந்து என்ன? அடைத்துக்கொண்ட குழாயை மாற்றுவது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பது. எத்தனை எளிது! கடல் கடந்து கொண்டுவரவேண்டிய சஞ்சீவி மூலிகை எதுவுமில்லை. அந்தக் கூடத்திலிருந்து நடந்து சென்று எடுத்துவரக்கூடிய தொலைவிலேயே இரண்டும் இருந்தன.

ஏன் எவரும் அருகில் செல்லவில்லை என்று கேட்டபோது ஊழியர் தந்த விடைகள் விசாரணை ஏடுகளில் இருக்கின்றன. குடித்துவிட்டு உறங்குகிறான் என்று எண்ணினர் சிலர். வீடற்றவன், குளிருக்கு ஒதுங்கியிருக்கிறான் என்று எண்ணினர் சிலர். மருத்துவம் முடிந்து வீடு திரும்ப வண்டிக்குக் காத்திருக்கிறான் என்று எண்ணினர் வேறு சிலர். ஆங்கிலத்தில் 'அவன்' என்பதற்கும் 'அவர்' என்பதற்கும் வேறுபாடில்லை, தமிழில் உண்டு. அந்த எண்ணங்களை நம் மொழியில் எழுதும்போது 'அவன்' என்றே எழுத வருகிறது. 'அவர் உறங்குகிறார்' என்று எழுதினால் உண்மை திரிந்துவிடும்.

காவல்துறை ஆராய்ந்தது, எவர்மீதும் குற்றம் சாட்டவில்லை. நீதிபதி ஒருவர் நெடுநாள் விசாரித்து, 2014-ஆம் ஆண்டு இறுதியில் 63 பரிந்துரைகளை வழங்கினார். இது கொலையன்று, ஆனால் தடுத்திருக்கக்கூடிய சாவு என்றார். முதற்குடியினர் அமைப்புகளோ அதற்கு முன்பே விசாரணையிலிருந்து வெளியேறிவிட்டிருந்தன. அவர் இனத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்காமல், இருக்கைகள் எப்படிப் போடப்பட்டிருந்தன என்று மட்டும் ஆராய்வதற்கு ஒரு விசாரணையா என்பது அவர்கள் கேள்வி.

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அந்த விசாரணையில் சான்று கூறியவர்களுள் ஒருவர், மாநிலத்தின் தலைமை இறப்பு விசாரணை மருத்துவர் தம்பிராஜா பாலச்சந்திரா. பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகர் நிமிர்ந்து உட்காருவர்! குழாயை மாற்றி மருந்து கொடுத்திருந்தால் சிங்கிளேர் பிழைத்திருப்பார் என்று உள்ளதை உள்ளபடி உரைத்தவர் அவர். ஆனால் இது இனவெறுப்பா என்ற கேள்வி எழுந்தபோது, குழந்தைக் கதையில் வரும் 'ஸ்நோ ஒயிட்' இளவரசியே அந்த நிலையில் அங்கு வந்திருந்தாலும் அவளுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும் என்ற கருத்துப்பட அவர் கூறினார்.

மருத்துவரின் நாணயத்தை நாம் ஐயுறவில்லை. அவர் கூற்றை மட்டும் எடுத்து ஆராய்வோம். பெயரைப் பதிய மறந்தது வெறுப்பினாலன்று என்கிறாரா? ஒப்புக்கொள்வோம். நெரிசல், குழப்பம், புதிதாக மாற்றப்பட்ட நடைமுறை, எதுவாகவும் இருக்கலாம்; இளவரசியின் பெயரும் விட்டுப்போயிருக்கலாம். ஆனால், பிறகு? பனி நிறத்து இளவரசி ஒருத்தி அந்தக் கூடத்தில் வாந்தி எடுத்தபடி தலை சாய்ந்து கிடந்திருந்தால், குடித்துவிட்டு உறங்குகிறாள் என்றா எண்ணியிருப்பர்? குளிருக்கு ஒதுங்கினாள் என்றா எண்ணியிருப்பர்? பதறி ஓடி வந்திருக்கமாட்டார்களா? வாயிலில் நேர்ந்தது ஒரு பிழை. அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு 34 மணி நேரம் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது! பிழை எவருக்கும் நேரும். திருத்தும் கை நீளுமா நீளாதா என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. கூடத்தைக் கடந்து சென்ற ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கம் ஆயத்தமாக இருந்தது. அந்த விளக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தது எது? சிங்கிளேரின் நோயா? அவர் முகமா?

அவர்கள் எவரும் அவரை வெறுக்கவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. வெறுப்பில்லாத இடத்தில் குற்றம் ஏது என்பது அவர்கள் வாதம். நமக்குப் பழகிப்போன வாதந்தான் இது! இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு எவர்மீதும் வெறுப்பில்லை ஐயா, ஊர் வழக்கம்" என்பார். பொய்யும் சொல்லமாட்டார், உண்மையிலேயே அவர் நெஞ்சில் சினமில்லை, பகையில்லை. அதுதான் அதன் பயங்கரம். பகைவன் ஒருவன் நம்மைப் பார்க்கிறான். பார்த்த பின்பே பகைக்கிறான். வழக்கத்துக்கு அடிமையானவனோ பார்ப்பதே இல்லை. வெறுப்பை வாதாடி வெல்லலாம், அச்சுறுத்தி அடக்கலாம், அன்பு காட்டி மாற்றவும் கூடும். பாராமையிடம் எதைச் சொல்லி வாதாடுவது? அது நம் வாயையே காண்பதில்லையே!

ஆகவே, தீய எண்ணம் இருந்ததா என்று நெஞ்சைத் துழாவிக்கொண்டிருப்பதை விடுத்து, பார்க்கவேண்டிய கடமை எவரிடம் இருந்தது, பார்த்தாரா என்று கேட்பதே அறவழி. கலங்கரை விளக்கின் காவலன் கப்பலை வெறுத்தானா என்று எவரும் கேட்பதில்லை. விளக்கு எரிந்ததா என்றே கேட்கிறோம்.

எதிர்வாதம் ஒன்றும் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. அவசரப் பிரிவின் வாயிலில் அமர்ந்திருக்கும் செவிலியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசுகின்றனர், ஒருவன் அலறுகிறான், ஒருவன் மிரட்டுகிறான், மெய்யாகவே குடித்துவிட்டு வந்து கலகம் செய்பவனும் அவர்களில் இருக்கிறான். வலியை மிகைப்படுத்துவோர் உண்டு. மருந்துக்காகப் பொய் சொல்வோரும் உண்டு. எல்லாரையும் நம்பு என்றால் வகைபிரிப்பே நடக்காதே! உண்மை. அரசுகள் படுக்கைகளையும் பணியாளரையும் குறைத்து வைத்துவிட்டு, அதனால் விளையும் கேட்டினைக் குறைந்த ஊதியம் பெறும் பெண்ணின் தலையில் சுமத்துவது கோழைத்தனம்.

எனினும், நம்புவது என்றால் என்ன? சொன்னதையெல்லாம் ஏற்று முதலிடம் கொடுப்பதா? இல்லை, சோதித்துப் பார்ப்பது. நாடியைப் பிடிக்க எத்தனை நொடி? குருதிச் சர்க்கரை குறைந்தவன் தள்ளாடுகிறான், உளறுகிறான், சண்டைக்கு வருகிறான். குடிகாரனுக்கும் அவனுக்கும் புறத்தோற்றத்தில் வேறுபாடில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் வேறுபாடு தெரிந்துவிடும். மூளையில் குருதிக்குழாய் அடைத்துக்கொண்டவனும் நாக்குழறுகிறான். தலையில் அடிபட்டவனும் வாந்தி எடுக்கிறான், உறங்குகிறான். சர்க்கரை நோய் முற்றியவனின் மூச்சில் வீசும் பழவாடையைச் சாராய வாடை என்று கருதியவர்கள் உண்டு. நம் ஊர்த் தெருவோரத்திலும் ஒருவர் விழுந்து கிடந்தால் கடந்து செல்லும் பத்துப் பேரில் ஒன்பது பேர் உடனே கூறும் நோய்க்குறிப்பு ஒன்று உண்டே, அதை எந்த மருத்துவக் கல்லூரியில் கற்றோம்? மேலும், மெய்யாகவே குடித்திருந்தால்தான் என்ன? குடித்தவனுக்குச் சிறுநீர்ப்பை இல்லையா? நோய், ஒழுக்கச் சான்றிதழ் பார்த்துவிட்டா வருகிறது?

பொய்யனை நம்பினால் இழப்பது பத்து நிமிடம். மெய்யனை நம்பாவிட்டால் இழப்பது ஓர் உயிர். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பவன் வணிகனாகவும் தேறமாட்டான்.

மிராண்டா ஃபிரிக்கர் என்னும் மெய்யியலறிஞர் 2007-இல் வெளியிட்ட நூலொன்றில், ஒருவரின் சொல்லுக்கு, அவர் யார் என்பதைக் கொண்டு மதிப்பைக் குறைத்து அளிப்பதைத் தனியொரு அநீதியாகவே வகுத்துக் காட்டினார். பொருளைப் பறிப்பது ஒருவகைக் கொள்ளை என்றால், சொல்லின் மதிப்பைப் பறிப்பதும் கொள்ளையே. அறிவதற்கும் அறிந்ததை உரைப்பதற்கும் உரிய மனிதத் தகுதியே அங்கே பறிபோகிறது. அவசரப் பிரிவின் வாயிலைவிட இதற்குக் கூர்மையான சான்று வேறெங்கும் கிடைக்காது. ஏனெனில், வலி என்பது அதை உடையவர் ஒருவரே அறிந்த செய்தி. சாட்சி ஒருவர்தான்; அந்தச் சாட்சியை நம்பமாட்டோம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், வழக்கு தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதியாயிற்று.

அதே கனடாவில், கியூபெக் மாநிலத்து ஜோலியெட் நகரில், 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், ஜாய்ஸ் எச்சக்குவான் என்னும் அத்திக்கமேக் குடிப் பெண், வயது 37, ஏழு மக்களின் தாய், மருத்துவமனைப் படுக்கையில் கிடந்து கைப்பேசியில் தம் நிலையை நேரலையாக ஒளிபரப்பினார். அவரைப் பேணவேண்டிய ஊழியர் அவரை இழித்துப் பேசும் குரல் அதில் கேட்டது. சில மணி நேரத்தில் அவர் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. போதைப் பழக்கமுடையவள், அது கிடைக்காத தவிப்பு இது என்று சான்றேதுமின்றி முத்திரை குத்தியிருந்தனர். இறப்பை ஆராய்ந்த அதிகாரி கெஹான் கமெல், இனவெறியும் முற்சாய்வும் இச்சாவுக்குத் துணைபோயின என்று 2021-இல் ஐயத்துக்கிடமின்றி எழுதினார். 12 ஆண்டுகள், இரண்டு மாநிலங்கள், ஒரே கதை! சிங்கிளேர் வாய் பேசாமல் கிடந்தார், உறங்குகிறான் என்றனர். எச்சக்குவான் அலறினார், நடிக்கிறாள் என்றனர். அமைதியும் குற்றம், அலறலும் குற்றம் என்றால், நோயாளி வேறெப்படித்தான் நோயாளியாக இருப்பது?

கனடாவோடு முடிந்துவிடுவதுமன்று. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரின் ஒரு மருத்துவமனையில், கை கால் எலும்பு முறிந்து அவசரப் பிரிவுக்கு வந்தோரை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை, வெள்ளையரில் 26 விழுக்காட்டினர்க்கு வலிநீக்கி தரப்படவில்லை என்றும், ஸ்பானிய வழியினரில் அது 55 விழுக்காடு என்றும் காட்டியது. எலும்பு முறிவு, ஊடுகதிர்ப் படத்தில் தெரிவது. மறைக்கவோ நடிக்கவோ முடியாதது! வயிற்று வலியோடு வந்த பெண்கள் வலிநீக்கி பெற 65 நிமிடம் காத்திருந்தனர், ஆண்கள் 49 நிமிடம் என்று 2008-இல் மற்றோர் ஆராய்ச்சி கூறியது. இன்னும் வியப்பு: விரல் நுனியில் மாட்டிக் குருதியின் உயிர்வளியை அளக்கும் சிறு கருவி இருக்கிறதே, அது கருந்தோலினரிடம் தவறிப்போய், மறைந்திருக்கும் குறைபாட்டைக் காட்டாமல் விடுவது வெள்ளையரிடம் தவறுவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020-இல் மிச்சிகன் ஆராய்ச்சியாளர் காட்டினர். கருவிக்கு ஏது சாதி என்பார்கள். கருவியைச் செய்தவன் எந்தத் தோலில் வைத்துச் சரிபார்த்தான் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

செத்தவர்கள் கணக்கில் வருகின்றனர், விசாரணை நடக்கிறது, பெயர் நிற்கிறது. சாகாமல் திருப்பி அனுப்பப்பட்டோர் கதை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. நெஞ்சடைப்பு என்றால் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் என்று திரைப்படங்கள் நமக்குக் கற்பித்துவிட்டன. பெண்களுக்கோ அது பலமுறை குமட்டலாக, தாடை வலியாக, முதுகு வலியாக, காரணம் புரியாத அயர்ச்சியாகவும் வருகிறது. போனால், வாயு என்பார்கள், மனக்கவலை என்பார்கள், வீட்டில் ஏதும் சண்டையா அம்மா என்று புன்னகைப்பார்கள். அவள் திரும்பி வருகிறாள். நோய் மட்டுமா அவளோடு திரும்பி வருகிறது? ஓர் ஐயமும் கூடவே வருகிறது. படித்தவர்கள் ஒன்றுமில்லை என்கிறார்களே, ஒருவேளை நமக்குத்தான் ஒன்றுமில்லையோ! தன் உடம்பு சொல்வதையே நம்ப மறுக்கக் கற்றுக்கொள்கிறாள். அடுத்த முறை வலி வரும்போது, மீண்டும் போய்ச் சிரிப்புக்கிடமாவானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். இரண்டு நாள் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அதே வாயிலில், அதே மேசையில், கேட்கிறார்கள்: "ஏன் அம்மா இவ்வளவு தாமதமாக வந்தீர்கள்?"

நம்பாமையைப் பல காலம் உண்டு வளர்ந்த மக்கள் கூட்டத்துக்கு இது தனிமனிதத் துயரமாகவும் நிற்பதில்லை. இவன் மருத்துவமனையை நாடமாட்டான், மூடநம்பிக்கைக்காரன், மந்திரித்த கயிற்றை நம்புவான் என்று நாம் கடிந்துகொள்கிறோம். கடிய வேண்டியதுதான், கயிறு காய்ச்சலைத் தீர்க்காது. ஆனால், மந்திரக்காரன் அவனை உட்காரவைத்து, உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டு, முழுவதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறான் என்பதைப் பகுத்தறிவாளர் மறந்துவிடக்கூடாது. அறிவியலின் வாயிலில் அவமதிப்பை நிறுத்தி வைத்துவிட்டு, மக்கள் அறிவியலிடம் வருவதில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

செய்யவேண்டியது என்ன? ஊழியர் நல்லவராக மாறவேண்டும் என்று காத்திருப்பதா? நல்லவர்கள் பெருகும்வரை நோய் பொறுத்திருக்காது. விதி வேண்டும். வாயிலில் நுழையும் ஒவ்வொருவர் பெயரும் அந்த நொடியே பதிவாக வேண்டும். பதிவானவர் கையில் அதற்கு அடையாளம் இருக்கவேண்டும். கை வெறுமையாக எவர் அமர்ந்திருந்தாலும் அருகில் சென்று கேட்கவேண்டும். உறங்குவோரைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்கவேண்டும். எழுப்புவதால் உறக்கம் கெடும், கெடட்டும்.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்தில் 2007-இல், மூன்று வயது நிறையாத ரயன் என்னும் குழந்தை, தொற்றுநோயை உரிய நேரத்தில் கண்டறியாததால் இறந்தது. பெற்றோரின் கவலைக்கு உரியவர் செவிசாய்க்கவில்லை. அதன் விளைவாக, பொது மருத்துவமனையில் நோயாளியோ குடும்பத்தாரோ தாமே அழைத்து மறுமுறை ஆராயக் கோரும் உரிமை அக்குழந்தையின் பெயராலேயே விதியாக வந்தது. இங்கிலாந்தில், மிதிவண்டியிலிருந்து விழுந்து கணையத்தில் காயமுற்ற மார்த்தா மில்ஸ் என்னும் 13 வயதுச் சிறுமி, 2021-இல் குருதியில் பரவிய தொற்றால் மாண்டாள். உடல் நலிவதைக் கண்டு தாய் தந்தையர் எச்சரித்தும் பயனில்லை. தாய் இதழாளர், எழுதினார், பேசினார், போராடினார். 2024 முதல் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வரத் தொடங்கியது. முதற்கட்டமாக 143 இடங்களில். நோயாளிக்கும் குடும்பத்தார்க்கும், தம்மைப் பார்க்கும் குழுவுக்கு அப்பாற்பட்ட வேறொரு குழுவை இரவு பகல் எந்நேரமும் அழைக்கும் உரிமையை அது அளிக்கிறது. கெஞ்சவேண்டியதில்லை; அழைத்தால் வந்தாக வேண்டும்.

இவ்விதிகளை மனமார வரவேற்கிறோம். வரவேற்கும்போதே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மார்த்தாவுக்குத் தாய் இருந்தார். எழுதும் கையுடைய தாய். ரயனுக்குப் பெற்றோர் இருந்தனர். சிங்கிளேருக்கு அந்தக் கூடத்தில் எவர் இருந்தார்? அழைக்கும் உரிமை குடும்பத்தார்க்கு என்றால், குடும்பமின்றி வருவோனுக்கு அழைப்பவர் எவர்? தனியே வருவோனே பெரும்பாலும் ஏழை. தனியே வருவோனே பெரும்பாலும் முத்திரை குத்தப்படுவோன்.

ஆனால், அங்கே சிலர் இருந்தனர். அவருக்கு உறவில்லாதவர்கள், பெயரும் அறியாதவர்கள், தத்தம் நோயோடும் தம்மவர் நோயோடும் வந்து காத்திருந்தவர்கள். வாந்தியைக் கண்டார்கள், தலை சாய்ந்ததைக் கண்டார்கள், எழுந்து போய்ச் சொன்னார்கள். பயிற்சி பெற்ற கண்கள் காணாததைப் பயிற்சி பெறாத கண்கள் கண்டன. அவர்கள் சொல்லுக்கு மதிப்பில்லாமற் போயிற்று. அந்த அழைப்பு எண்ணைக் காத்திருப்புக் கூடத்தின் சுவரில் எழுதுங்கள். படுக்கைப் பிரிவில் மட்டும் எழுதி வைத்தால் போதாது. பெரிய எழுத்தில், எல்லா மொழியிலும், படிக்கத் தெரியாதோர்க்குப் படமாகவும் எழுதுங்கள். உறவினர் மட்டும் அழைக்கலாம் என்ற வரியை எடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவர் எவராயினும் அழைக்கலாம் என்று எழுதுங்கள்.